மணலும் நாதமும்: ஒலியைக் கண்முன் வரைந்த முயற்சிகளின் வரலாறு (1787–1934)

முன்னுரை

ஒலி செவிக்குரியது, எழுந்த கணத்திலேயே மறைந்துவிடுவது. அதனை ஒப்பிடவும் ஆராயவும் வேண்டுமெனில் ஏதேனும் ஒரு வகையில் நிலைநிறுத்தியாக வேண்டும். எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி 1877இல் வருவதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் முன்பே, ஒலி தன் வடிவத்தைத் தானே வரைந்து காட்டும் முறையொன்று ஐரோப்பாவில் அறிமுகமாயிற்று. அவையோர் முன்னிலையில் உடனுக்குடன் வரையப்பட்ட அவ்வுருவங்கள் கலையாகவும் அறிவியல் சான்றாகவும் ஒருங்கே விளங்கின. ஓர் ஒலியுருவம் எந்நிலையில் அறிவியல் சான்றாகிறது என்பதை மூன்று நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

கிளாட்னியின் மணல் உருவங்கள்

ஜெர்மனியின் விட்டன்பெர்க் நகரில் 1756இல் பிறந்த எர்ன்ஸ்ட் கிளாட்னி, ஒலிக் கொள்கை பற்றிய தம் கண்டுபிடிப்புகளை 1787இல் நூலாக வெளியிட்டார். உலோகத் தகட்டின் மீதோ கண்ணாடித் தகட்டின் மீதோ மணலைத் தூவி, அதன் விளிம்பில் வயலின் வில்லை இழுப்பது அவரது முறை. தகடு அதிரும்போது, அசையும் பகுதிகளிலிருந்து மணல் விலகி, அசையாத கோடுகளில் திரளும். இவற்றைக் கணுக்கோடுகள் என்பர். தகட்டை விரலால் தொடும் இடம் மாறினால் சுரமும் மாறும், உருவமும் மாறும். பல்கலைக்கழகப் பதவி ஏதும் வகிக்காத கிளாட்னி, ஊர்தோறும் சென்று இதனைச் செய்து காட்டியே வாழ்ந்தார்.

1809இல் பாரிசில் நெப்போலியன் முன்னிலையில் இக்காட்சி நடந்தது. உருவங்கள் ஏன் இவ்வாறு அமைகின்றன என்பதற்குக் கணித விளக்கம் தருவோர்க்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. பெண் என்பதால் உயர்கல்வி நிலையத்தில் இடம் மறுக்கப்பட்டு, தாமே கற்றுத் தேர்ந்த சோபி ஜெர்மேன், மூன்றாம் முயற்சியில் 1816இல் அப்பரிசை வென்றார். அவரது கோட்பாட்டில் எஞ்சிய குறைகளை 1850இல் கிர்க்காப் களைந்தார். மணல் சில நொடிகளில் வரைந்த கோலத்திற்கு முழு விளக்கம் கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

படம் மட்டும் போதாது என்பதையும் இவ்வரலாறு உணர்த்துகிறது. மிக நுண்ணிய பொடிகள் மணலைப் போலன்றி அதிர்வு மிகுந்த இடங்களில் குவிந்தன. சவார் இதனைத் தகட்டின் வேறொரு வகை அதிர்வு எனக் கருதினார். தகட்டின் மேலெழும் காற்றோட்டமே பொடியை அங்குக் கொண்டு சேர்க்கிறது என்று 1831இல் ஃபாரடே நிறுவினார். ஒரே உருவம் இருவேறு முடிபுகளுக்கு இடந்தந்தது. எது சரியென்பதைச் சோதனையே தீர்த்தது.

வாட்ஸ் ஹியூஸின் குரலோவியங்கள்

வேல்ஸ் நாட்டுப் பாடகியான மார்கரெட் வாட்ஸ் ஹியூஸ், தம் குரலின் ஆற்றலை அளப்பதற்காக 1885இல் 'ஐடோபோன்' என்னும் கருவியை அமைத்தார். குழாயின் ஒரு முனையில் பாடினால், மறுமுனையில் இழுத்துக் கட்டப்பட்ட ரப்பர்ச் சவ்வு அதிரும். சவ்வின் மேலிட்ட பொடிகள் வடிவங்களாக அமைவதைக் கண்ட அவர், பின்னர் ஈரமான வண்ணக் குழம்பைப் பயன்படுத்தினார். பாடப்பாட மலரிதழ்கள் போன்ற உருவங்கள் தோன்றின. சுருதி உயர உயர இதழ்களின் எண்ணிக்கையும் பெருகியது. கண்ணாடியில் பதித்தெடுத்த அவ்வோவியங்கள் சில, அவர் ஆதரவற்ற சிறுவர்க்காக லண்டனில் நடத்திய இல்லத்தின் சாளரங்களை அணிசெய்தன.

சுருதிக்கும் இதழ் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பு, ஆய்வுக்குரிய ஒரு தரவு. எனினும், கிளாட்னியின் உருவங்களுக்கு ஜெர்மேன் அமைந்ததுபோல, இவற்றைக் கணிதத்திற்குக் கொண்டு சென்றவர் எவரும் அக்காலத்தில் அமையவில்லை. ஆகவே அவை பெரிதும் அழகுப் பொருள்களாகவே நினைவுகூரப்பட்டன.

இராமனும் மிருதங்கமும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் 1888இல் பிறந்த சி. வி. இராமன், கிளாட்னியின் முறையை மிருதங்கத்திற்குப் பயன்படுத்தினார். எங்கும் ஒரே கனமுள்ள வட்டத்தோலின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று முழு எண் விகிதம் பெறாமல் அமைவதால், அத்தகைய முழவில் சுருதித் தெளிவு இருப்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ அதிர்வெண்கள் 1, 2, 3, 4, 5 என்னும் இசைவான விகிதத்தில் அமைகின்றன. 1920இல் சிவகாளி குமாருடன் இணைந்து 'நேச்சர்' இதழில் இதனை வெளியிட்ட இராமன், 1934ஆம் ஆண்டுக் கட்டுரையில் தோலின் மேல் மணல் தூவிப் பெற்ற உருவங்களைக் கொண்டு மேலும் விளக்கினார். ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து சுரங்களுக்குள் அடங்குகின்றன என்பது அவரது முடிபு. ஒரு விரல் தோலை மெல்லத் தொட்டிருக்க மற்றொரு விரல் அடிக்கும் வாசிப்பு முறை, குறிப்பிட்ட கணுக்கோட்டை உண்டாக்குவதே என்பதும் மணலில் புலனாயிற்று.

இவ்விசைவிற்குக் காரணம் தோலின் நடுவிலுள்ள கரணை. வெந்த சோற்றையும் கிட்டக்கல் பொடியையும் பிசைந்து, படிப்படியாகப் பூசித் தேய்த்து, தட்டிக் கேட்டுக் கேட்டே கைவினைஞர் அதனை அமைக்கின்றனர். மணல் உருவங்கள் வெளிப்படுத்தியது, பெயர் தெரியாத அக்கைவினைஞர்கள் செவியாலும் கையாலும் எட்டியிருந்த தீர்வையே.

முடிவுரை

மூன்று நிகழ்வுகளிலும் உருவம் முன்னே தோன்றியது; விளக்கம் பின்னே வந்தது, அல்லது வராமலே போயிற்று. வேறுபாட்டை உண்டாக்கியது உருவத்தின் அழகன்று. அது ஏன் அவ்வாறு அமைந்தது என்று எவரேனும் தொடர்ந்து வினவினாரா என்பதே. தமிழிசைக் கருவிகளை ஆராய்வோர்க்கு இதிலொரு கடமை உண்டு. முழவு செய்வோரின் செய்முறை நுட்பங்களை மரபுச் செய்திகளாகத் தொகுப்பதோடு நில்லாமல், ஆய்வுக்குரிய ஒலியியல் முடிபுகளாகவும் பதிவு செய்தல் வேண்டும்.