இரண்டு விகிதங்களுக்கு நடுவே: ஒரு சோதனை பிறந்த கதை

தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு நோய் வந்தது, போடாதவர்களில் எத்தனை பேருக்கு? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டைபாய்டு, காலரா ஊசிகளைப் பற்றி நடந்த வாதமெல்லாம் இதை வைத்துத்தான். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. அது ஊசியின் பலனா, தற்செயலா என்று சொல்லத்தான் வழி வேண்டியிருந்தது.

1900-இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன், எதிர்பார்த்த எண்ணிக்கையிலிருந்து கண்ட எண்ணிக்கை எவ்வளவு விலகுகிறது என்று அளக்கும் கை-வர்க்கச் சோதனையைத் தந்தார். 1915-இல் புள்ளியியலாளர்கள் கிரீன்வுட்டும் யூலும் தடுப்பூசிக் கணக்குகளை ஆராய்ந்தபோது சிக்கல் முளைத்தது. விகிதங்களின் வித்தியாசத்தை, அது தற்செயலாக எவ்வளவு ஆடும் என்னும் திட்டப்பிழையால் வகுத்தால் ஒரு விடை. பியர்சன் வழியில் போனால் வேறு விடை.

முடிச்சை அவிழ்த்தவர் ரொனால்டு ஃபிஷர், 1922-இல். பேச்சுக்கு, செஞ்சிக் கோட்டைக்கு வந்தவர்களில் 100 பேர் ராஜகிரிக் குன்றுக்கும் 100 பேர் கிருஷ்ணகிரிக் குன்றுக்கும் போனார்கள்; உச்சி தொட்டவர்கள் மொத்தம் 110 என்று வைத்துக்கொள்வோம். இதை நாலு கட்ட அட்டவணையாக்கி, ராஜகிரி உச்சி தொட்டவர்கள் 50 என்று எழுதிவிட்டால், ஏறாதவர் 50, கிருஷ்ணகிரியில் ஏறியவர் 60, ஏறாதவர் 40 என்று மற்ற மூன்று கட்டங்களும் தாமே நிரம்பிவிடும். ஆக, விருப்பம்போல் மாறக்கூடியது ஒரே கட்டம். கை-வர்க்கச் சோதனையின் விடை இந்த எண்ணிக்கையைப் பொறுத்தது; பியர்சன் அதை மூன்று என்று எண்ணியிருந்தார். அதைத் திருத்தியதும் இரு வழிகளும் ஒரே விடை தந்தன.

இந்தச் சோதனை நம் மக்களின் உயிரைத் தொட்டது சென்னையில். காசநோய் என்றால் தாம்பரம் போன்ற இடங்களில் உள்ள சானடோரியத்தில் படுக்கை வேண்டும் என்றிருந்த காலம். நோயாளிகளோ ஏராளம், படுக்கைகள் சொற்பம். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு சாரார் வீட்டில், மறு சாரார் சானடோரியத்தில். இருவருக்கும் மருந்து ஒன்றே. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92.

குழுவுக்கு நூறு பேர்கூட இல்லாதபோது, இரு சிகிச்சையும் சமமாகவே இருந்தாலும் வித்தியாசம் நாலைந்து புள்ளி ஆடும். அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கைத் தாண்டினால்தான் தற்செயல் அல்ல என்று சொல்லலாம். 6 புள்ளி அதைத் தாண்டவில்லை. ஆனால் வித்தியாசம் நிரூபணமாகவில்லை என்பதாலேயே இரண்டும் சமம் என்று முடிவுகட்டிவிட முடியாது. எனவே ஐந்தாண்டு வரை பின்தொடர்ந்தார்கள். அப்போது வீட்டில் 90, சானடோரியத்தில் 89. உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் வீட்டுச் சிகிச்சையால் ஆபத்து கூடவில்லை. ஓராண்டு முடிவுகளோடு 1959-இலேயே வெளியான இந்த ஆய்வு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது.

இன்று செஞ்சியில் காசநோய் கண்டவர் அரசு மருத்துவமனையில் இலவச மருந்து வாங்கி, குடும்பத்தோடு இருந்தே குணமாகலாம். இனி யாரேனும் இரண்டு சதவீதங்களை உங்கள் முன் நீட்டினால், எத்தனை பேரைப் பார்த்தார்கள், எப்படிப் பிரித்தார்கள் என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு நம்புங்கள்.