பின்சக்கரத்தின் பிடியைக் குறைத்தவர்கள்

பிள்ளையார்பட்டியில் பூஜை போட நிற்கும் புதுக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. அம்பாசடரும் பத்மினியும் அப்படியல்ல, பின்சக்கரம் தள்ள ஓடியவை. நம் சாலைகளில் அதைப் புரட்டிப்போட்டது 1983 டிசம்பரில் வந்த மாருதி 800.

ஆனால் பந்தயக்காரருக்கு அது தலைவலி. இழுப்பதும் திரும்புவதும் முன்டயர்தான். வேகமாக வளைத்தால் அது களைத்துப்போய் வண்டி வெளிப்பக்கம் நழுவும். இதுதான் அண்டர்ஸ்டீர். பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் வண்டி தானே அடங்கும் என்பதால், கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள்.

இதற்கான வைத்தியம் கேட்கவே விநோதமாக இருக்கும்: முன்பக்கத்தைத் தேற்ற, பின்பக்கத்தைக் கெடுக்கணும். வளைவில் உள்டயரிலிருந்து வெளிடயருக்கு மாறும் மொத்தப் பாரம் மாறாது. முன்னும் பின்னும் அதை எப்படிப் பங்கிடுவது என்பதே நம் கையில். பின்பக்க ஸ்பிரிங்கையோ ஆன்ட்டி-ரோல் பாரையோ இறுக்கினால் பின்பக்கம் அதிகப் பங்கை வாங்கும். பாரம் இரட்டித்தாலும் டயரின் பிடி இரட்டிப்பதில்லை. ஆகவே பின்பக்கம் பிடி இழக்கும், மூக்கு உள்ளே திரும்பும். உள்பக்கப் பின்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பழைய மினி பந்தயப் படங்களில் பார்க்கலாம். அதே மினி 1964, 1965, 1967 மான்டி கார்லோ ராலிகளை வென்றது. பின்லாந்து ஓட்டுநர்கள் இடதுகாலால் பிரேக்கைத் தொட்டே வாலைச் சுழற்றினார்கள்.

ட்ராக்கில் சரி. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தடம் இருக்கு. காரைக்குடி சாலையில் இப்படி இறுக்கிய காரில், மாட்டைக் கண்டு வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரை விட்டால் பாரம் முன்னே பாயும். லேசான பின்பக்கம் முன்னே வந்துவிடும்.