குலச் சித்திரத்திற்கு உரியவர் யாவர்?

முன்னோர் வைத்துச் செல்லும் பொருள் இருவகைப்படும். நிலமும் பொன்னும் மக்களாற் பங்கிடப்படுவன. கதையும் சித்திரமும் பங்கிடப்படாது குலம் முழுமைக்கும் உரியவாய் நிற்பன. பின்னதைப் பிறர் கவரின் வழக்கிடற்குரியார் யாவர்? ஆஸ்திரேலியாவின் ஆதிகுடிகள் இவ்வினாவிற்கு விடைகண்ட வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

அந்நாட்டின் வடபாலுள்ள ஆர்னெம் நிலத்தார் மரப்பட்டையில் மண்வண்ணங்களாற் சித்திரம் எழுதுவர். அவை கண்ணுக்கு இனிமை பயத்தற்கு மாத்திரம் எழுதப்படுவன அல்ல. குலத்தின் நிலத்தையும் முன்னோரையும் குறிப்பன. அவற்றை எழுதும் உரிமையும் முறைப்படி பெறற்பாலதே.

1966-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு டாலர் நோட்டில், டேவிட் மலாங்கி என்பார் எழுதிய சித்திரம் அவரைக் கேளாமலே பொறிக்கப்பட்டது. பின்னர் உண்மை வெளிப்படவே, 1,000 டாலரும் பதக்கமும் மீன்பிடி கருவிகளும் அவர்க்கு அளிக்கப்பட்டன.

நிற்க, பெர்த் நகரத்து வணிகக்குழு ஒன்று, இன்னோர் சித்திரங்களை வியட்நாமிற் கம்பளங்களாக நெய்வித்து விற்றது. போற்றற்குரிய உருவம் காலின்கீழ் மிதிபடுவதாயிற்று. அதனினும் கொடியது ஒன்றுண்டு: பிறர் செய்த பிழைக்கும், எழுதியவரே தம் குலத்தார்முன் விடைகூறக் கடவர். 1994-இல் நீதிமன்றம் 1,88,000 டாலருக்கு மேற்பட்ட இழப்பீடு விதித்தது; மரபிற்கு நேர்ந்த இழிவையும் இழப்பாகக் கணித்தது.

ஆயினும் சட்டம் எழுதியவர் ஒருவரையே உரிமையாளராகக் கண்டது. அவர் இறந்து 70 ஆண்டு கழியின் அவ்வுரிமையும் ஒழியும். குலமோ அச்சித்திரத்தை விட்டொழிவதில்லை. இக்குறை 1998-இல் ஆராயப்பட்டது. ஜானி புலுன்புலுன் என்பாரின் நீர்நிலைச் சித்திரம் துணியில் அச்சிடப்பட்டபோது, அவருடன் அவர்தம் கனல்பிங்கு குலத்தாரும் வழக்கிட்டனர். குலம் பதிப்புரிமைக்கு உடையது ஆகாதென்றே நீதிமன்றம் கூறியது. எனினும் எழுதியவர் குலத்தின் நம்பிக்கைக்குக் கடமைப்பட்டவர் என்றும், அவர் காவாதொழியின் குலத்தார் நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் உரைத்தது. அவர் தாமே வழக்கிட்டுக் காத்தமையின் குலத்தாரின் தனிவழக்கு தள்ளப்பட்டது. ஆயினும் கடமை என்னும் அச்சொல் நிலைபெற்றது.

அன்பர்காள்! அம்மக்கள் சொல் மன்றில் ஏறியது எதனால்? இவ்வுருவம் இன்னார்க்குரியது, இம்முறையாற் பெறப்பட்டது என்று தெளிய எடுத்துரைக்க வல்லார் அவருள் இருந்தமையால் அன்றோ? நம் இல்லங்களிலும் முதியோர் மாத்திரம் அறிந்த கதைகளும் கைவினைகளும் உள. அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் நம் கடன். யார்க்குரியதென்று உரியாரே அறியாத பொருளை எச்சட்டமும் காவாது.