பேட்டரி தீர்ந்த மோட்டார் சைக்கிளை ‘ஜம்ப் ஸ்டார்ட்’ செய்வது எப்படி? கடைசி இணைப்பில் கூடுதல் கவனம் தேவை

புதுடெல்லி: வட மாநிலங்களில் குளிர்காலம் தொடங்கியதும், காலை வேளைகளில் இருசக்கர வாகனங்கள் கிளம்ப மறுப்பது வழக்கமான காட்சியாகும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் ‘டிக் டிக்’ என்ற ஒலி மட்டுமே கேட்கும். மீட்டர் விளக்கு மங்கி அணையும். ஹாரன் ஒலி கம்மும். பேட்டரியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது என்பதற்கான அடையாளங்கள் இவை.

அருகில் உள்ள காரிலிருந்தோ மற்றொரு மோட்டார் சைக்கிளிலிருந்தோ கேபிள் வழியாக மின்சாரம் பெற்று இன்ஜினை இயக்கும் முறையே ‘ஜம்ப் ஸ்டார்ட்’ எனப்படுகிறது. சில நிமிடங்களில் முடியும் வேலைதான். ஆனால் இணைப்பின் வரிசை மாறினால் வண்டியின் மின்னணுப் பாகங்கள் பழுதாகலாம். பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கவும் கூடும்.

பேட்டரியை நம்பியிருக்கும் புதிய வண்டிகள்

கார்புரேட்டர் பொருத்தப்பட்ட பழைய வண்டிகள் பலவற்றை, பேட்டரி தீர்ந்திருந்தாலும் கிக்கரை உதைத்து இயக்கிவிடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 மாசு விதிமுறை நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான புதிய வண்டிகள் எரிபொருளை மின்னணு முறையில் செலுத்தும் ‘ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்’ தொழில்நுட்பத்துக்கு மாறின. பல மாடல்களில் கிக்கரும் இல்லை.

இத்தகைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசியு ஆகிய இரண்டும் மின்சாரத்தால் இயங்குபவை. எனவே பேட்டரி முற்றிலும் தீர்ந்த நிலையில், இரண்டாவது கியரில் வைத்துத் தள்ளி ஓட்டினாலும் இன்ஜின் உயிர்பெறாமல் போகலாம். கியர் இல்லாத ஸ்கூட்டர்களைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே இயலாது.

முதலில் சரிபார்க்க வேண்டியவை

வண்டி கிளம்பாததற்குப் பேட்டரி மட்டுமே காரணம் என முடிவு செய்துவிடக் கூடாது. கில் சுவிட்ச் அணைந்த நிலையில் உள்ளதா, சைடு ஸ்டாண்டு இறங்கியிருக்கிறதா, ஃப்யூஸ் எரிந்துள்ளதா என்பதைப் பார்க்க வேண்டும். பேட்டரி முனைகள் தளர்ந்திருந்தாலோ, அவற்றில் வெள்ளை அல்லது பச்சை நிறப் பூப்பு படர்ந்திருந்தாலோ மின்சாரம் சரியாகப் பாயாது. முனையைத் துடைத்து இறுக்கினாலே வண்டி கிளம்பிவிடுவதும் உண்டு.

மல்டிமீட்டர் கிடைத்தால் அளந்து பார்க்கலாம். முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரி ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்று பொருள்.

எந்த வாகனத்திலிருந்து மின்சாரம் பெறலாம்?

மின்சாரம் தரும் வாகனமும் 12 வோல்ட் மின் அமைப்பைக் கொண்டதாக இருத்தல் அவசியம். லாரி, பேருந்துகளில் பொதுவாக 24 வோல்ட் அமைப்பு உள்ளதால் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. பழைய ஜாவா, யெஸ்டி போன்ற சில வண்டிகள் 6 வோல்ட் பேட்டரி கொண்டவை. அவற்றை 12 வோல்ட்டுடன் இணைப்பது தவறு.

காரிலிருந்து மின்சாரம் பெறும்போது காரின் இன்ஜின் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். காரின் பேட்டரியும் 12 வோல்ட்தான் என்பதால் அது மட்டுமே போதுமானது. இன்ஜின் ஓடினால் காரின் ஆல்டர்னேட்டர் மிகுதியான மின்னோட்டத்தைச் செலுத்தி, மோட்டார் சைக்கிளின் சிறிய பேட்டரியையும் மின்னணுப் பாகங்களையும் பாதிக்கக்கூடும்.

இணைக்கும் முறை

இரு வாகனங்களும் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே நிற்க வேண்டும். இரண்டின் சாவியையும் அணைத்து, மோட்டார் சைக்கிளை நியூட்ரலில் வைக்க வேண்டும். கைக்கடிகாரம், மோதிரம் போன்ற உலோகப் பொருட்களைக் கழற்றிவிடுவது நல்லது. அருகில் புகைபிடித்தல் கூடாது.

1. சிவப்பு கேபிளின் ஒரு கிளிப்பை, தீர்ந்த பேட்டரியின் பாசிட்டிவ் (+) முனையில் பொருத்தவும்.

2. சிவப்பு கேபிளின் மறுமுனையை, மின்சாரம் தரும் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் பொருத்தவும்.

3. கறுப்பு கேபிளின் ஒரு கிளிப்பை, மின்சாரம் தரும் பேட்டரியின் நெகட்டிவ் (-) முனையில் பொருத்தவும்.

4. கறுப்பு கேபிளின் மறுமுனையை, கிளம்பாத வண்டியின் இன்ஜின் அல்லது ஃபிரேமில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் பொருத்தவும். அந்த இடம் பேட்டரி, பெட்ரோல் குழாய் ஆகியவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

ஓரிரு நிமிடங்கள் காத்திருந்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்தலாம். ஒரு முறைக்கு ஐந்து விநாடிகளுக்கு மேல் அழுத்தக் கூடாது. மூன்று, நான்கு முயற்சிகளிலும் இன்ஜின் இயங்காவிட்டால் கோளாறு வேறு இடத்தில் இருக்கக்கூடும். மெக்கானிக்கை அழைப்பதே முறை. இன்ஜின் இயங்கியதும் கிளிப்புகளை 4, 3, 2, 1 என்ற தலைகீழ் வரிசையில் அகற்ற வேண்டும். அப்போது கிளிப்புகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது.

கடைசி கிளிப் ஏன் பேட்டரியில் கூடாது?

பலரும் தவறு செய்யும் இடம் நான்காவது படியாகும். மின்சுற்று முழுமையடையும் கணத்தில் கடைசி கிளிப்பில் சிறு தீப்பொறி எழுவது இயல்பு. ஈய-அமில பேட்டரியோ, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும் தன்மையுடையது. காற்றில் சுமார் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே அது தீப்பற்றக்கூடிய நிலையை அடைகிறது. பேட்டரிக்கு மேலேயே தீப்பொறி எழுந்தால் பேட்டரியின் மேலோடு சிதறி, உள்ளிருக்கும் கந்தக அமிலம் தெறிக்கலாம். கடைசி இணைப்பைத் தள்ளி வைப்பதன் காரணம் இதுவே.

அமிலம் கண்ணில் பட்டால் தாமதமின்றி குறைந்தது 15 நிமிடங்கள் சுத்தமான நீரால் கழுவி, மருத்துவரை அணுக வேண்டும்.

பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளை மாற்றி இணைப்பதும் ஆபத்தானது. ஃப்யூஸ் எரிவதோடு ரெகுலேட்டர், ஈசியு போன்ற விலை உயர்ந்த பாகங்களும் பழுதாகலாம். கேபிளின் நிறத்தை மட்டும் நம்பாமல், பேட்டரியின் மீதுள்ள குறியீட்டைப் பார்த்தே இணைக்க வேண்டும்.

எப்போது முயலக் கூடாது?

பேட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, அமிலம் கசிந்தாலோ ஜம்ப் ஸ்டார்ட் செய்யக் கூடாது. லித்தியம் பேட்டரி கொண்ட வண்டிகளில், தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் மட்டுமே முயல வேண்டும்.

லடாக் போன்ற உயரமான பகுதிகளுக்குச் செல்வோருக்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. முழு சார்ஜில் உள்ள பேட்டரி கடுங்குளிரிலும் எளிதில் உறையாது. ஆனால் சார்ஜ் தீர்ந்த பேட்டரியில் அமிலத்தின் அடர்த்தி குறைந்து, அது ஏறக்குறைய தண்ணீராகவே இருக்கும். வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால் அது உறைந்துவிடலாம். உறைந்த பேட்டரிக்கு மின்சாரம் செலுத்தினால் வெடிக்கும் அபாயம் உள்ளது.

வண்டி கிளம்பிய பிறகு

இன்ஜினை உடனே அணைத்துவிடாமல், அரை மணி நேரமாவது ஓட்டுவது நல்லது. எனினும் அதனால் பேட்டரி முழுமையாக சார்ஜ் ஆகிவிடாது. சார்ஜரில் இணைத்து மெதுவாக ஏற்றுவதே சிறந்தது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது ஈசியுவுக்குக் கேடு விளைவிக்கும்.

இன்ஜினைச் சற்று முறுக்கிய நிலையில் பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் சார்ஜ் அமைப்பு சீராக உள்ளது எனக் கொள்ளலாம். 12 வோல்ட் அளவிலேயே நின்றால் பழுது பேட்டரியில் அன்றி, சார்ஜ் செய்யும் அமைப்பில் இருக்கக்கூடும்.

கில் சுவிட்சால் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை ‘ஆன்’ நிலையிலேயே விட்டுச் செல்வது, பேட்டரி தீர்வதற்கான பொதுவான காரணங்களுள் ஒன்று. வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவது மற்றொன்று. சார்ஜ் ஏற்றியும் ஓரிரு நாளில் மீண்டும் தீர்ந்தால் பேட்டரியை மாற்ற வேண்டும். பழையதைக் குப்பையில் வீசாமல், புதியது வாங்கும் கடையிலேயே ஒப்படைத்தால் அது மறுசுழற்சிக்குச் செல்லும். விலையிலும் ஒரு பகுதி குறையும்.