கடல் கடந்த கீரி

எங்க ரிச்சர்ட்ஸ் டவுன் மதிலோரம் ஓடும் சாம்பல் கீரிக்கு வட இந்தியாவில் ஒரு சின்னத் தம்பி உண்டு: சிறு கீரி. கரும்பைக் கடிக்கும் எலிகளை ஒழிக்கவென்று 1872-இல் எஸ்பியூட் என்ற தோட்ட முதலாளி கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை ஜமைக்காவுக்கு வரவழைத்தார். 1883-இல் கீரி பிஜிக்கும் போயிற்று. நம் தென்னிந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அதே பிஜிக் கரும்புக் காட்டுக்குப் போனது 1903-இல்தான். கீரி நமக்கு இருபது வருஷம் சீனியர்!

எலியோடு நிற்காமல், தரையில் கூடு கட்டும் பறவைகளையும் அது தின்று தீர்த்த கதை பலருக்கும் தெரிந்ததே. நான் சொல்ல வந்தது அதன் உடம்பைப் பற்றி. இங்கே சாம்பல் கீரியும் செங்கீரியும் இரைக்குப் போட்டியாக இருந்ததால் சின்னது சின்னதாகவே நின்றது. தீவுகளில் அந்த அண்ணன்மார் கிடையாது. நூறு, இருநூறு தலைமுறைக்குள் மண்டையோடும் கோரைப்பல்லும் பெருத்து, முக்கியமாக ஆண் கீரிகள், சாம்பல் கீரியின் அளவை நெருங்கிவிட்டன. 2000-இல் சிம்பர்லாஃப் குழுவினர் இதை அளந்தே காட்டினார்கள்.