பாலை நிறுத்தச் சொன்னவர்கள்

தாம்பரம் சானடோரியம் என்றால் இன்றைக்கு மின்சார ரயில் நிற்கிற ஸ்டேஷன். 1928இல் டேவிட் சௌரி முத்து அங்கே காசநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கியபோது இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. காற்று, ஓய்வு, சத்துணவு, வீட்டைவிட்டுப் பிரிந்திருப்பது, இவைதாம் வைத்தியம். பிரிந்திருந்தால் ஆணுக்குக் கூலி போகும். கைப்பிள்ளைக்காரிக்கோ பிள்ளையே போகும். சானடோரிய வரலாறுகளில் இந்த வித்தியாசத்தை நான் வாசித்ததில்லை.

மருந்து வந்தபின் சென்னையிலேயே இதற்கு மறுப்பு கிடைத்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலும் மற்றவர்களைச் சானடோரியத்திலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தது. 1959இல் முடிவு வெளியானது. நெருக்கடியிலும் அரைவயிற்றிலும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இது ஒரு காரணம். குடிசைச் சனத்தின் உடம்பு கொடுத்த அறிவு இது.

அந்த அறிவு குடிசைக்குத் திரும்பி வந்ததா? நாகல்கேணி தோல்ஷாப்புப் பக்கம் ஒரு அக்கா சொன்னது: “மாத்திர பால்ல எறங்கும்னாங்க. வேப்பிலய அரச்சி மாருல தடவி மறக்கடிச்சிட்டேன்.”

இறங்குவது உண்மைதான். எவ்வளவு என்பதே கேள்வி. ஐசோநையாசிட், ரிஃபாம்பிசின் போன்ற முதல்நிலை மருந்துகள் பாலில் மிகக் கொஞ்சமே சேர்கின்றன. அது பிள்ளைக்குக் கெடுதல் செய்யும் அளவல்ல. நோயைத் தடுக்கும் அளவும் அல்ல. ஆகவே தாய் மருந்தையும் விடக்கூடாது, பாலையும் நிறுத்தக்கூடாது. சளியில் கிருமி உள்ளவளின் பிள்ளைக்குத் தடுப்பு மருந்து தனியாகத் தரவேண்டும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் செவக்கும், அது வெறும் சாயம் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? அந்த நிமிஷம் நம்மாளுங்களுக்குக் கிடைப்பதில்லை.

1993 முதல் அதே சானடோரியம் எச்.ஐ.வி. நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டது. அந்தக் கிருமி பாலில் பரவும். இந்த அச்சம் பொய்யல்ல. முடிந்தால் டப்பாப்பால் கொடு என்றார்கள். லாரித் தண்ணிக்குக் குடம் வைத்துக் காத்திருப்பவளுக்கு என்ன முடியும்? 2006இல் போட்ஸ்வானாவில் பெருமழைக்குப் பின் வயிற்றுப்போக்கில் செத்த பிள்ளைகளில் பெரும்பாலோர் தாய்ப்பால் குடிக்காதவர்கள். 2010இல் உலக சுகாதார நிறுவனம், தாயோ பிள்ளையோ எச்.ஐ.வி. எதிர்ப்பு மருந்தைத் தொடர்ந்தால் பால் கொடுக்கலாம் என்றது. அங்கே ஒரு மருந்துக்குப் பயந்து பாலை நிறுத்தச் சொன்னார்கள், இங்கே வேறொரு மருந்து பாலுக்குக் காவலாக நின்றது.

அதற்குள் மாரில் பால் கட்டி ஊர் திரும்பியவர்கள் தாம்பரத்தைச் சுற்றி இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வாயால் கேட்டு எழுத வேண்டியது பாக்கி.