கோகோஸ் தீவிலிருந்து ஒரு ஸ்காட்லாந்து ரக்பி வீரர்

தெற்கு அந்தமானிலுள்ள பெரார்கஞ்ச், 1920களில் தலைமை ஆணையராக இருந்த மைக்கேல் லாயிட் பெராரின் பெயரைத் தாங்கிய ஊர். இந்தியப் பெருங்கடல் தீவுகளில் ஆட்சியாளர் பெயர்கள் இவ்வாறு பதிந்தமை வியப்பன்று. தீவில் பிறந்த ஒருவரின் பெயர் ஸ்காட்லாந்தின் விளையாட்டு வரலாற்றில் பதிந்தமைதான் அரிது. அவர் ஆல்பிரெட் குளூனிஸ்-ராஸ். பிறந்த இடம் கோகோஸ் கீலிங் தீவுகள். 1857இல் பிரித்தானியக் கடற்படை இத்தீவுகளைப் பேரரசுடன் இணைத்தது. அந்தமானுக்கு வடக்கேயுள்ள கோகோ தீவுகளையே இணைக்க எண்ணியிருந்தனர், பெயர்க்குழப்பத்தால் இடம் மாறிற்று என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது.

ஆல்பிரெடின் பாட்டனார் ஜான் குளூனிஸ்-ராஸ் ஷெட்லாந்திலிருந்து 1827இல் அங்குக் குடியேறியவர். தாயார் எஸ்பியா டுபோங் மலாய்ப் பெண்மணி. கல்விக்காக ஸ்காட்லாந்து சென்ற ஆல்பிரெட் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக அணியில் ஆடினார். (சென்னை எழும்பூர் அநாதை விடுதியில் ஆண்ட்ரூ பெல் கண்ட கற்பித்தல் முறையின் பெயரால் 'மெட்ராஸ் கல்லூரி' எழுந்ததும் இதே செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில்தான்.)

1870 டிசம்பரில் ஸ்காட்லாந்துக் கழகத் தலைவர்கள் ஐவர் செய்தித்தாள் வழியே இங்கிலாந்துக்கு அறைகூவல் விடுத்தனர். அதன் விளைவாக 1871 மார்ச் 27 அன்று எடின்பரோவின் ரேபர்ன் பிளேசில் உலகின் முதல் பன்னாட்டு ரக்பி ஆட்டம் நிகழ்ந்தது. அணிக்கு 20 பேர். பாதிக்கு 50 நிமிடம். அன்று வெற்றியை முடிவுசெய்தது கோல் மட்டுமே. கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் வைக்கும் 'டிரை' கோலுக்கு உதைக்கும் உரிமையை மட்டும் தந்தது. அச்சொல்லுக்கு 'முயற்சி' எனப் பொருள் அமைந்ததும் அதனால்தான். ஸ்காட்லாந்து 1 கோலும் 1 டிரையும் பெற, இங்கிலாந்துக்குக் கிடைத்தது 1 டிரை. பின்வரிசையில் ஆடிய ஆல்பிரெடுக்கு அதுவே முதலும் கடைசியுமான பன்னாட்டு ஆட்டம்.

வெள்ளையரல்லாத முதல் பன்னாட்டு ரக்பி வீரர் என இன்று அவர் குறிப்பிடப்படுகிறார். கூற்று சரியே, ஆனால் நிறத்தடை தகர்ந்ததற்கான சான்றாக மட்டும் அதைக் கொள்வது பாதி வரலாறே. ஊதியமின்றி ஆடும் அமெச்சூர் நெறி, ஊதியம் தேவைப்படாதவர்களுக்கே வாயிலை அகலத் திறந்தது. ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடுசெய்யலாமா என்ற பூசலில்தான் 1895இல் வட இங்கிலாந்துக் கழகங்கள் பிரிந்து சென்றன. ஆல்பிரெடின் பயணத்துக்கும் படிப்புக்கும் பின்னணியில் நின்றது குடும்பத்தின் தென்னந்தோப்பு. அங்கு உழைத்தவர்கள் தாயாரின் இனத்தவரான மலாய்த் தொழிலாளர்கள். தீவுக்கு வெளியே செல்லாத, அக்குடும்பமே வெளியிட்ட நாணயத்தில் அவர்கள் கூலி பெற்றனர். ஆல்பிரெட் களமிறங்கிய அதே 1871இல் தந்தையார் மறைந்தார். தீவுகளின் ஆளுகை அண்ணன் ஜார்ஜிடம் சென்றது. 1886இல் விக்டோரியா அரசி அத்தீவுகளை அக்குடும்பத்துக்கே நிலையுரிமையாக வழங்கினார்.